பகைவருக்கு அனுப்பிய அழைப்பு

மார்கழிக் குளிரைப் பற்றி மடுல்கெல்லையில் வாழ்வோருக்கு எவரும் பாடம் புகட்டவேண்டியதில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கிவரும் மூடுபனி, விடிந்து வெகுநேரமாகியும் தேயிலைச் செடிகளை விட்டு எழ மனமின்றிக் கிடக்கும். கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் இடுப்பிலே படங்கைச் சுற்றிக்கொண்டு மலையேறுவர். பாடசாலை விடுமுறையில் வீட்டிலே இருக்கமாட்டாத பிள்ளைகளோ, கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு தோட்டத்து மைதானத்தில் மட்டையும் பந்துமாக நிற்பர். சென்ற மார்கழியின் நடுவில் அத்தகைய ஒரு காலைப்பொழுதிலே அவ்வழியாகச் சென்ற எம்மை, எம்மிடம் பயிலும் மாணவர் சிலர் சூழ்ந்துகொண்டனர். அவர்களுள் ஒருவன் தன் கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினான். சுவிற்சர்லாந்தில் உணவுவிடுதி ஒன்றின் சமையற்கட்டிலே பணிபுரியும் அவனுடைய சித்தப்பா, தாம் அங்கு நேரிற் கண்ட ஆட்டமொன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

வெண்மையான ஒரு தரை. அதன்மீது தலைக்கவசமும் தடித்த அங்கிகளும் அணிந்த சிலர், நீண்டு வளைந்த தடிகளை ஏந்தியவண்ணம், நடக்கவுமில்லை, ஓடவுமில்லை, வழுக்கிப் பறந்துகொண்டிருந்தனர். ஆயிரக்கணக்கானோர் சுற்றியிருந்து ஆரவாரித்தனர்.

"சேர், தரை முழுவதும் ஐஸ்! பந்தைத்தான் காணவில்லை" என்றான் ஒருவன்.

பந்து இல்லாத ஆட்டம் அது என்று நாம் விளக்கினோம். ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் ஒரு வட்டு உண்டு. குறுக்களவு மூன்று அங்குலம், தடிப்பு ஓர் அங்குலம், நிறை ஏறக்குறைய 170 கிராம். இறப்பரினால் ஆனது. இறப்பரின் இயல்பு துள்ளுவதாகலின், அதனை அடக்கும்பொருட்டு ஆட்டத்துக்கு முன்னர் வட்டை உறைகுளிரிலே வைத்தெடுப்பர். ஒரு பக்கத்துக்கு அறுவர். அவருள் ஒருவர் கோல் காப்பாளர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். ஓடுவதிலும் பன்மடங்கு மூச்சு வாங்கும் ஆட்டமாகையால், காப்பாளர் தவிர்ந்த ஏனையோர் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே வெளியேறிப் புதியவர்களுக்கு இடங்கொடுப்பர். குற்றமிழைத்தவனைத் தனியே ஒரு பெட்டிக்குள் இரண்டு நிமிடம் இருத்திவைப்பதும், அதுவரை அவனுடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடுவதும் வழக்கம்.

"நம்முடைய மைதானத்தில் அப்படியொரு பெட்டி வைத்தால் பாதிப்பேர் அதற்குள்ளேதான் இருப்பார்கள்" என்று ஒருவன் கூற, எல்லோரும் நகைத்தனர்.

நகையாதிருந்தவன் ஒருவனே. எதனையும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்கும் இயல்பினன் அவன். "சேர், இந்த அணிகள் எந்தச் சுற்றில் வென்று இங்கே வந்தன?" என்று வினவினான்.

"வென்று வரவில்லை, தம்பி. அழைத்தார்கள், வந்தார்கள்" என்றோம்.

அவன் அந்த விடையினால் நிறைவடையவில்லை என்பதை முகமே காட்டிற்று. வீடு திரும்பிய பின்னரும் அவனுடைய வினா எம்மைத் தொடர்ந்து வந்தது. அதற்கு அன்று தரவேண்டியிருந்த முழு விடையையே இந்த வாரம் வாசகர் முன் வைக்கின்றோம்.

சுற்றுப்போட்டிகள் இருவகைப்படும். ஒன்று, தகுதி பார்த்துச் சேர்ப்பது; வென்றவன் உள்ளே வருவான், தோற்றவன் வெளியே நிற்பான். அங்கே விதி தேர்ந்தெடுக்கின்றது. நடத்துபவரின் உள்ளத்துக்கு அங்கே வேலையில்லை. மற்றையது, அழைப்புப் போட்டி. விருந்தை ஏற்பாடு செய்பவர் யார் யாருக்கு ஓலை அனுப்புவது என்று தாமே தீர்மானிப்பது போல, இங்கே நடத்துபவரே அழைக்கின்றார். ஆகவே, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னரே அவருடைய மனத்தின் அகலம் வெளிப்பட்டுவிடுகின்றது. விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய வள்ளுவரின் வழிவந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

மாணவனின் சித்தப்பா கண்ட போட்டியின் பெயர் ஸ்பெங்லர் கிண்ணம். சுவிற்சர்லாந்தின் கிழக்கிலே, அல்ப்ஸ் மலைகளின் நடுவே அமைந்த டாவோஸ் என்னும் ஊரில், ஆண்டுதோறும் டிசம்பர் 26 தொடக்கம் 31 வரை அது நடைபெறுகின்றது. இக்காலத்தில் ஆறு அணிகள் அழைக்கப்பட்டு, மூன்று மூன்றாக இரு பிரிவுகளில் ஆடுகின்றன. டாவோஸ் கழகம் வீட்டுக்காரர் என்ற முறையில் எப்பொழுதும் இருக்கும். 1984 முதல் கனடாவின் அணியொன்றும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றது. ஏனையவை பல நாட்டுக் கழகங்கள்.

டாவோஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,560 மீற்றர் உயரத்தில் உள்ளது. நமது நுவரெலியாவோ 1,860 மீற்றருக்கும் அதிகம்! உயரத்தில் நாமே முந்தியவர்கள். ஆயினும் நாம் பூமத்தியரேகைக்கு அண்மையில் வாழ்பவர்களாதலால், தை மாத விடியலிலே புல்நுனியிற் பூக்கும் உறைபனியோடு நம்முடைய குளிர் நின்றுவிடுகின்றது. டாவோஸிலோ மாதக்கணக்கில் வெண்பனி மூடிக்கிடக்கும்.

இவ்விரு ஊர்களுக்கும் வேறோர் ஒற்றுமையும் உண்டு. இரண்டுமே நோயாளர்களால் வளர்ந்தவை. 1820களின் இறுதியில் ஆள்பதி எட்வேர்ட் பான்ஸ் நுவரெலியாவை ஆங்கிலேயர் உடல்நலம் தேறும் இடமாக்கினார். டாவோஸைச் சயரோகிகளின் புகலிடமாக்கியவர் அலெக்சாந்தர் ஸ்பெங்லர் என்னும் வைத்தியர். அவருடைய வரலாற்றை நம்மவர் சற்று ஊன்றிக் கேட்கவேண்டும். அவர் சுவிற்சர்லாந்துக்காரர் அல்லர்; ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் 1827 இற் பிறந்தவர். சட்டம் பயின்றுகொண்டிருந்த காலத்தில், 1849 இல் பாடன் நாட்டிலே எழுந்த கிளர்ச்சியிற் பங்குகொண்டார். கிளர்ச்சி நசுக்கப்படவே, உயிர் தப்பிச் சுவிற்சர்லாந்துக்கு ஓடினார். அகதியாக வந்தவர், சூரிச்சில் வைத்தியம் பயின்று, 1853 இல் எவரும் விரும்பிச் செல்லாத மலையூராகிய டாவோஸிற்குப் பணியாற்றச் சென்றார். அங்குள்ள மக்களிடையே சயரோகம் இல்லாதிருப்பதைக் கண்டு, அந்த மலைக்காற்றே மருந்தாகும் என்று கருதினார். நாளடைவில் ஐரோப்பாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் நோயாளர் வந்து, கம்பளிகளாற் போர்த்தப்பட்டு, மாடிகளின் திறந்த முகப்புகளிலே வரிசையாகப் படுத்திருந்தனர். அந்த வரிசையிலே ஜேர்மானியரும் ஆங்கிலேயரும் ரஷ்யரும் அருகருகே கிடந்தனர். இருமலுக்குத் தேசம் ஏது?

அலெக்சாந்தரின் மைந்தர் கார்ல் ஸ்பெங்லர். 1860 இற் பிறந்த இவரும் சயரோக வைத்தியரே; அந்நோயின் கிருமியை 1882 இல் உலகுக்கு அறிவித்த ரொபேர்ட் கொக்கிடம் பணியாற்றியவர். முதலாவது உலக யுத்தம் 1918 இல் முடிவுற்றபோது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்தது, பகை முடியவில்லை. 1920 இல் அன்ற்வேர்ப் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவுக்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் அழைக்கப்படவில்லை. 1924 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிலும் ஜேர்மனிக்கு இடமில்லை. 1923 இன் தொடக்கத்திலே பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ஜேர்மனியின் ரூர் பிரதேசத்துட் புகுந்திருந்தன. ஜேர்மனியில் ஒரு றாத்தல் பாண் வாங்க ஒரு கட்டுப் பணம் வேண்டியிருந்தது. யுத்தகளத்தில் தமையனை இழந்த ஆங்கில இளைஞனும், தந்தையை இழந்த ஜேர்மன் இளைஞனும் ஒருவரையொருவர் எங்கே சந்திப்பது? சந்தித்தாலும் என்ன பேசுவது?

அந்த 1923 இலே கார்ல் ஸ்பெங்லர் ஒரு கிண்ணத்தை வழங்கினார். யுத்தத்தினாற் பிரிந்த நாடுகளின் இளைஞர் பனித்தரையிலே ஒன்றுகூட வேண்டும் என்பதும், வெளியே தள்ளப்பட்டிருந்த ஜேர்மன் மொழி பேசும் நாடுகளின் அணிகளுக்கு ஆடுவதற்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்பதும் அவருடைய நோக்கம். பேர்லின் கழகத்துக்கும் அழைப்புச் சென்றது. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கும் அழைப்புச் சென்றது. முதற் கிண்ணத்தை ஒக்ஸ்போர்ட் வென்றது; அவ்வணியில் ஆடியவர்களிற் பெரும்பாலோர் அங்கு பயின்ற கனடா மாணவர். மறு ஆண்டு பேர்லின் வென்றது. அதற்கடுத்த ஆண்டு மீண்டும் ஒக்ஸ்போர்ட். பின்னர் பிராக் நகரமும் மிலான் நகரமும் வென்றன. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இரு தேசத்தாரின் பிள்ளைகள், கிண்ணத்தை மாறி மாறி எடுத்துச் சென்றனர்.

ஈண்டு இன்னொருவரையும் நினைவுகூர்தல் தகும். அந்த 1920களின் தொடக்கத்தில் ஒக்ஸ்போர்டிற் பயின்று, அதன் ஐஸ் ஹொக்கி அணியில் ஆடிய கனடா மாணவருள் லெஸ்டர் பியர்சன் என்பவர் ஒருவர். முதலாவது உலக யுத்தத்திற் சேவைபுரிந்தவர். பிற்காலத்தில், 1950 தை மாதம் கொழும்பிலே கூடிய பொதுநலவாய வெளிவிவகார அமைச்சர் மாநாட்டுக்குக் கனடாவின் அமைச்சராக வந்திருந்தார். சுயெஸ் நெருக்கடியின்போது, சண்டையிடுவோருக்கு இடையே ஐக்கிய நாடுகள் சபையின் படையை நிறுத்தும் யோசனையை முன்வைத்து, 1957 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்; பின்னர் கனடாவின் பிரதமருமானார். ஹொக்கி ஆடியதனாலே அவர் சமாதானி ஆனார் என்று நாம் துணிந்து கூறமாட்டோம். எதிரணி என்பது வேறு, எதிரி என்பது வேறு என்பதை இளமையிலே கால்களாற் கற்றவர் என்று மட்டும் கூறுவோம்.

இவ்வளவில் நிறுத்திவிட்டால் இஃது ஒரு நீதிக்கதையாகிவிடும். உண்மை அத்துணை இனிமையானதன்று. கிண்ணம் பிறந்த அதே டாவோஸிலே நாற்சிக் கட்சியின் சுவிற்சர்லாந்துத் தலைவர் வில்ஹெல்ம் குஸ்ற்லோவ் குடியிருந்து, வெறுப்பை விதைத்துக்கொண்டிருந்தார். 1936 பெப்ரவரி 4 ஆந் தேதி தாவீது பிராங்பேர்ட்டர் என்னும் யூத மாணவர் அவரைச் சுட்டுக்கொன்றார். மறு ஆண்டு கார்ல் ஸ்பெங்லரும் காலமானார். 1939 இல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் கிண்ணத்துக்கான ஆட்டம் நடைபெறவில்லை. ஒரு கிண்ணத்தினால் ஒரு யுத்தத்தைத் தடுத்துவிட முடியாது என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டவேண்டியதில்லை.

அப்படியாயின் அந்த வைத்தியரின் முயற்சி வீணோ? நாம் அவ்வாறு எண்ணவில்லை. வைத்தியர் எல்லா நோயாளரையும் பிழைக்கவைப்பதில்லை. அதனால் வைத்தியம் வீண் என்று எவரும் சொல்வதுமில்லை. யுத்தம் ஓயுமுன்னரே, 1941 இல், டாவோஸ் மக்கள் தம் கிண்ணத்தை மீண்டும் எடுத்துத் துடைத்து வைத்தனர். அமெரிக்காவும் சோவியத் நாடும் உலகை இரண்டாகப் பங்கிட்டு நின்ற 1980களிலே, மொஸ்கோவின் ஸ்பார்ட்டாக் கழகமும் கனடாவின் அணியும் அந்தப் பனித்தரையில் எதிரெதிரே நின்றன. 1984 இல் கனடா வென்றது. 1985 இல் ஸ்பார்ட்டாக் வென்றது.

அழைப்பின் கதவு என்றும் அகலத் திறந்தே இருந்தது என்றும் கூறிவிட முடியாது. பெருந்தொற்றினால் 2020 இலும் 2021 இலும் போட்டி நடைபெறவில்லை. 2022 இல் மீண்டும் தொடங்கியபோது, உக்ரேன் மீது படையெடுத்த ரஷ்யாவின் கழகங்கள் எவையும் அங்கு இல்லை. யாரை அழைப்பது, யாரை எக்காலம் வரை வெளியே நிறுத்துவது என்னும் வினா, 1923 இல் இருந்தவாறே இன்றும் அந்த ஊரின் வாயிலில் நிற்கின்றது. நூறு ஆண்டுகளாகியும் பழமையடையாத வினா அது.

அந்த 2022 ஆம் ஆண்டுக் கிண்ணத்தை வென்றவர் யாரென்பது எமது மலையகப் பிள்ளைகளுக்கு உகந்த செய்தி. சுவிற்சர்லாந்தின் தெற்கிலே, ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழும் ஒரு மலைப்பிரதேசத்தைச் சேர்ந்த அம்ரி-பியொற்றா கழகம், பெருநகராகிய பிராக்கின் ஸ்பார்ட்டா கழகத்தை வென்றது. சிற்றூர் என்பதனால் எவரும் அவர்களுடைய அழைப்பைத் தடுக்கவில்லை. 2023 இல், கிண்ணம் தோன்றி நூறு ஆண்டு நிறைவுற்ற வேளையில், டாவோஸ் கழகமே வெற்றி பெற்றது.

சயரோகத்துக்கு ஸ்ரெப்ரோமைசின் மருந்து 1943 இற் கண்டறியப்பட்ட பின்னர், மலைக்காற்றை நாடிவரும் நோயாளர் அருகினர். அவர்கள் படுத்திருந்த மாளிகைகள் பல விடுதிகளாயின. இன்று டாவோஸ் என்றதும், 1971 முதல் அங்கு கூடிவரும் பொருளாதாரப் பெருமன்றமே பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கே செல்வர்கள் கூடுகின்றனர். தையில் அவர்களின் பேச்சுகளைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக வெளியிடும். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் அதே ஊரில் நடைபெறும் இந்தச் சந்திப்பைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதுவது அரிது. அகதியாக ஓடிவந்த ஒருவரின் மகன் பகைவர்களை விளையாட அழைத்த கதை அது. 1983 இன் பின்னர் அகதிகளாகச் சென்று, இன்று ஏறத்தாழ 50,000 பேராகச் சுவிற்சர்லாந்தில் வாழும் இலங்கைத் தமிழருக்கு, அது அந்நியர் கதையாக இருத்தல் கூடுமோ?

இனி எமது மைதானத்துக்கு வருவோம்.

அழைப்பைப் பற்றி வினவிய அந்த மாணவன், இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். தைப்பொங்கலுக்கு மறுநாள் தோட்டத்திலே மென்பந்துக் கிரிக்கெட் போட்டி நடத்துவது வழக்கம். அயற்றோட்டங்களுக்கு அழைப்புச் செல்லும். ஆற்றுக்கு அப்பால் உள்ள சிங்களக் கிராமத்துக்கு மட்டும் செல்வதில்லை. முன்னொரு காலத்தில் அவர்களும் வந்தவர்களே. ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் நடுவரின் தீர்ப்பொன்றில் தொடங்கிய வாக்குவாதம் கல்வீச்சில் முடிந்து, இரு பக்கத்திலும் சிலருக்குத் தலையில் தையல் போடவேண்டி நேர்ந்தது. அன்றோடு அழைப்பு நின்றது.

"சேர், இந்த முறை அவர்களை அழைத்தால் என்ன?" என்றான்.

கேட்பது எளிது. அன்று மாலை மைதானத்திலே கூடியவர்களுள் பலர் வேண்டாம் என்றனர். "அவர்கள் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும்" என்றார் ஒருவர். "வென்றால் அடிப்பார்கள், தோற்றாலும் அடிப்பார்கள்" என்றார் மற்றொருவர். எல்லோரும் பேசி ஓய்ந்தபின், மைதானத்தைத் தம் இளமையிலே மண்வெட்டியாற் சமப்படுத்தியவர்களுள் எஞ்சியிருக்கும் ஒரு முதியவர் வாய்திறந்தார்.

"எழுபத்தேழாம் ஆண்டில் ஓர் இரவு முழுவதும் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தேயிலைக்குள் கிடந்தோம், ஐயா. லயத்துக்குத் தீ வைக்க வந்தவனும் அந்தப் பக்கத்தான்தான். விடிந்ததும் சோற்றுப் பொட்டலத்தோடு எங்களைத் தேடி வந்தவனும் அந்தப் பக்கத்தான்தான். நான் இரண்டு பேரையும் மறக்கவில்லை. நீங்கள் யாருக்குக் கடிதம் எழுதப் போகிறீர்கள் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்."

அதன்பின் எவரும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டவனை அழைப்பது கணக்குத் தீர்ப்பது. கேளாதவனையும் அழைப்பதுதான் அழைப்பு. பேர்லின் கழகத்திடம் கார்ல் ஸ்பெங்லர் மன்னிப்பு ஓலையைக் கோரியிருந்தால், அந்த முதற் கிண்ணம் இன்னும் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள்ளே இருந்திருக்கும்.

மாணவர்கள் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினர். சிங்களப் பகுதியை, பாடசாலையில் இரண்டாம் மொழியாகக் கற்ற அறிவைக்கொண்டு தாமே எழுதினர். அதிலே இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. எடுத்துக்காட்டினோம், திருத்திக்கொண்டனர். இருவர் அதனை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து சென்றனர். அவர்கள் திரும்பி வரும்வரை இக்கரையிலே காத்திருந்தவர்களின் முகங்களை நாம் எளிதில் மறக்கமாட்டோம்.

நான்காம் நாள் பதில் வந்தது. இனிப்பான சொற்கள் எவையும் அதில் இல்லை. வருவதாகவும், இரு நடுவருள் ஒருவர் தம் பக்கத்தவராக இருக்கவேண்டுமென்றும், ஆட்டம் மாலை ஐந்து மணிக்குள் முடியவேண்டுமென்றும் எழுதியிருந்தனர். சிலருக்கு இது மனக்குறை. எமக்கோ, இதுவே நம்பத்தக்க பதிலாகத் தோன்றிற்று. அச்சம் இன்னும் இருக்கின்றது. அச்சத்தை வைத்துக்கொண்டே வருகின்றனர். நம்மவரும் அவ்வாறே காத்திருக்கின்றனர்.

இக்கட்டுரையை எழுதும் இவ்வேளையில் ஆட்டத்துக்கு இன்னும் சில நாட்கள் உள்ளன. யார் வெல்வார் என்பது எமக்குத் தெரியாது. அமைதியாக முடியும் என்று உறுதி கூறவும் எம்மால் இயலாது. மைதானத்தின் எல்லைக்குச் சுண்ணாம்புக்கோடு இடப்படுகின்றது. தேநீருக்கு எத்தனை குவளைகள் வேண்டும் என்று பிள்ளைகள் எம்மிடம் கேட்டனர். சென்ற ஆண்டு நாற்பது போதியதாக இருந்தது. இந்த ஆண்டு அறுபது என்று எழுதிக்கொடுத்தோம்.